மிச்சீனாவுக்கும் புட்டாவோவுக்கும் நடுவே நூற்று முப்பத்து நான்கு மைல்

எட்டாம் நாள், வியாழக்கிழமை, காலை 5 மணி

ரங்கூனின் பசுந்தாங்குப் பேட்டையிலிருந்து மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு டாக்சிக்காரர் இருபத்தையாயிரம் கியாட் கேட்டார். பத்து மைல்தான். இருபத்திரண்டுக்கு இழுத்துப் பிடித்து ஏறினேன். மார்கழிப் பனியில் தெருவிளக்குகள் மங்கலாக எரிந்தன. மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் அம்மாள் மட்டும் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்ததும் திரும்பி எங்கள் நாலாம் மாடி ஜன்னலைப் பார்த்தேன். இருட்டாக இருந்தது. வீட்டில் இனி விளக்குப் போட ஆளில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நாள் கணக்கைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அப்பா இறந்த வியாழக்கிழமையை முதல் நாளாக வைத்து எண்ணுகிறேன். எங்கள் வீட்டு வழக்கம் அது. பதினாறாம் நாள் கருமாதி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அதற்குள் நான் நாட்டின் வடகோடியிலிருக்கும் புட்டாவோவுக்குப் போய், அங்கே இருபத்திரண்டு வருடமாக இருக்கும் என் அண்ணன் ராமநாதனைக் கூட்டிக்கொண்டு ரங்கூன் திரும்ப வேண்டும். அரசாங்கம் யாங்கோன் என்று எழுதுகிறது, நாங்கள் ரங்கூன் என்றே பேசுகிறோம். அப்பா இறந்தது அண்ணனுக்கு இன்னும் தெரியாது. புட்டாவோவில் செல்போன் கோபுரம் மாதக்கணக்கில் செத்துக் கிடக்கிறது. கடிதம் போட்டால் அதுவும் நான் ஏறப்போகும் அதே விமானத்தில்தான் போகும். ஆகவே கடிதத்துக்குப் பதிலாக நானே போகிறேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கியாக்டடாவில், சூலே பகோடாவுக்குக் கூப்பிடு தூரத்தில், விமான டிக்கெட் விற்கும் சின்னக் கடையொன்றில் இருபது வருடமாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். அடையாள அட்டையில் என் பெயர் மா சான் சான், வீட்டில் சரோஜா. இந்த ஊர்த் தமிழர்களுக்கு இப்படி ஆளுக்கு இரண்டு பெயர் உண்டு. வயது நாற்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. டாக்சிக்காரர்கள் எல்லாரும் அதைக் கேட்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இருபது வருடத்தில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், மிச்சீனாவிலிருந்து புட்டாவோ எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று. தலையை நிமிர்த்தாமலே சொல்வேன்: வான்வழி நூற்று முப்பத்து நான்கு மைல், ஐம்பது நிமிடம். சாலை வழியாக இருநூற்றுப் பதினெட்டு மைல், அந்தச் சாலையை இப்போது யாரும் நம்பிப் போவதில்லை. அப்பாவும் கடைசி இரண்டு மாதம் படுக்கையிலிருந்து சாயங்காலம் தவறாமல் அதையே கேட்டார்.

"அம்பது நிமிஷந்தானே? ஒரு சினிமா பாக்குற நேரங்கூட இல்லையே. கெளம்பி வந்துர மாட்டானா?"

"வரேன்னிருக்காருப்பா" என்பேன். அது பொய். ஐந்து மாதமாக அண்ணனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.

டிக்கெட் விற்பவளான நான் இன்றுவரை விமானம் ஏறியதில்லை. இதைக் கடையில் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம்.

காலை 7 மணி முதல் 10 மணி வரை

ரங்கூனிலிருந்து மிச்சீனாவுக்கு வான்வழி சுமார் ஐந்நூற்றுத் தொண்ணூறு மைல். டிக்கெட் மூன்று லட்சத்து இருபதாயிரம் கியாட். மாண்டலேயில் அரைமணி நேரம் நின்று போகும். ஏறியதும் கதவோரம் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போயிற்று. பக்கத்திலிருந்தவர் பர்மியில், "முதல் தடவையா?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன்.

நேற்று ஏழாம் நாள். கட்டடத்திலிருக்கும் பர்மியக் குடும்பங்கள் சேர்ந்து புத்த பிக்குகளுக்கு உணவளித்து அப்பாவுக்குப் புண்ணியம் சேர்த்தார்கள். எங்களுக்குப் பதினாறு, அவர்களுக்கு ஏழு. இரண்டையும் செய்துவிடுவது எங்கள் தெருவின் பழக்கம். கூட்டம் கலைந்ததும் சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

"தீட்டு கழியறதுக்குள்ள பயணம் போறவ எங்கயாச்சும் உண்டா? அதுவும் பொம்பளப் புள்ள?"

"சரி, போகல."

"போகாம? கொள்ளிதான் எம்மவன் கண்ணன் வெச்சான். கருமாதிக்காச்சும் பெத்த மகன் நிக்க வேணாமா? எங்க அண்ணனுக்குன்னு ஒரு மரியாதை இல்லையா?"

சித்தப்பாவோடு பேசினால் போகவும் கூடாது, போகாமலும் இருக்கக் கூடாது. நான் முன்னமே டிக்கெட் போட்டிருந்தேன். போக எனக்கு ஒன்று, திரும்பி வர எனக்கும் அண்ணனுக்குமாக இரண்டு. வெள்ளிக்கிழமை புட்டாவோ, புதன்கிழமை அங்கிருந்து புறப்பாடு, வியாழன் ரங்கூன், மறுநாள் கருமாதி. காகிதத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது.

மிச்சீனாவில் இறங்கியதும் குளிர் முகத்தில் அறைந்தது. விமானம் தானாக ஓடி நின்றதுமே எனக்கு விமானப் பயம் போய்விட்டது. பயப்பட வேறு காரியங்கள் இருந்தன.

ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை

காலை எட்டு மணிக்கு மிச்சீனா விமான நிலையம். புட்டாவோ விமானத்துக்குப் பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் நிறுத்துப் பார்க்கிறார்கள். கைப்பையோடு தராசில் ஏறினேன். அறுபத்தெட்டு கிலோ. என் கவுண்டரில் எத்தனையோ பெண்களிடம் கூச்சமில்லாமல் எடை கேட்டிருக்கிறேன். ஊழியர் அதை உரக்கச் சொன்னபோது அவர்கள் ஏன் என்னை முறைத்தார்கள் என்று புரிந்தது.

ஒன்பது, பத்து, பதினொன்று. புட்டாவோவில் மூடுபனி. மார்கழியில் அந்தப் பள்ளத்தாக்கில் பனி விழுந்தால் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாதாம். பன்னிரண்டரைக்கு, இன்று இல்லை என்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. கூட வந்தவர்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். நான் மட்டும் கவுண்டரில் போய் நின்று, "நாளைக்கு நிச்சயமா?" என்று கேட்டேன். எங்கள் கடைக்கு வந்து இப்படிக் கேட்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

சந்தைக்குப் பக்கத்து விடுதியில் அறை நாற்பதாயிரம். மின்சாரம் இரண்டு மணி நேரம் வரும், நான்கு மணி நேரம் போகும். அறையில் நானும் ஒரு கட்டிலும். விடுதிக்கார அம்மாள் சூடாகத் தேநீர் கொண்டுவந்து, "என்ன காரியமா புட்டாவோ போறீங்க?" என்று விசாரித்தார்.

"அண்ணனைப் பார்க்க."

"விசேஷமா?"

"சும்மா."

ஏன் அப்படிச் சொன்னேன்? செய்தி முதலில் அண்ணனுக்குத்தான் போக வேண்டும் என்று மனசில் ஒரு பிடிவாதம். வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அப்பா செத்துப்போனார் என்று சொல்லிக்கொண்டே போனால், அண்ணனிடம் போய்ச் சேரும்போது அது பழைய செய்தியாகிவிடும் போலிருந்தது. ஆனால் சொல்லாமல் வைத்திருப்பது இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. போர்வைக்குள் முடங்கிக் கிடந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. பசுந்தாங்கில் தனியாக இருந்தாலும் மேல்மாடியில் யாராவது உரலில் இடிப்பார்கள், கீழே பஸ்காரன் கத்துவான்.

பத்தாம் நாள், சனிக்கிழமை

இன்று விமானம் கிளம்பியது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். கீழே ஐராவதி மெலிந்து, பிரிந்து, காட்டுக்குள் மறைந்தது. பிறகு மலை, மலைக்கு மேல் மலை. வீடு இல்லை, சாலை இல்லை. நாற்பத்தெட்டாவது நிமிடம் தூரத்தில் பனிமலைச் சிகரங்கள் வெயிலில் தெரிந்தன. எல்லாரும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது, பால் பொங்கி நிற்பது மாதிரி.

விமானம் வட்டமிட்டது. இன்னொரு வட்டம். எனக்கு நேர் கீழே, அந்த வெள்ளைக்கு அடியில், அண்ணன் இருந்தான். ஒருவேளை வாசலில் நின்று விமானச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். அதில் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இருபத்தைந்து நிமிடம் சுற்றிவிட்டு விமானி மிச்சீனாவுக்கே திருப்பினார். மறுபடி நூற்று முப்பத்து நான்கு மைல்.

எனக்குப் பக்கத்தில் டோ மியா என்ற வியாபாரி அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும், புட்டாவோவில் கடை வைத்திருக்கிறார், மடியில் மருந்துப் பெட்டி. என் கண்ணைப் பார்த்துவிட்டு ஒரு நாரத்தங்காய் மிட்டாயை நீட்டினார்.

"போன மாசம் நான் மூணு தடவை இப்படி மேலேயே வந்துட்டுத் திரும்பினேன். எங்க கடைக் கூரையை மேலயிருந்து பாத்திருக்கேன். இறங்க முடியல."

"உங்களுக்குக் கோபம் வராதா?"

"யார் மேல?" என்று கேட்டுவிட்டு அவர் தூங்கிப்போனார்.

பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை

விமானம் கிடையாது. மிச்சீனாவில் மாதா கோயில்களும் சர்ச்சுகளும் மணியடித்துக்கொண்டிருந்தன. ஊர் முழுக்கப் புது உடுப்பில் நடந்தது. தீட்டுக்காரி என்பதால் நான் ஒரு கோயில் பக்கமும் போகவில்லை, ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தேன். விரல்விட்டு எண்ணினேன். நாளை திங்கள் போனால்கூட இரண்டு இரவு இருக்கலாம். புதன் விட்டால் வெள்ளிதான் அடுத்த விமானம். வெள்ளி என்றால் பதினாறாம் நாளே வந்துவிடும், ரங்கூன் சேர முடியாது.

அப்பா பெரிதாக எதுவும் கேட்காத மனுஷர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார், ஓய்வு பெற்றார், ரேடியோ கேட்டார். பெரியவன் வரட்டும் என்பது மட்டுந்தான் கடைசியில் கேட்டது. உயிரோடு இருக்கும்போது நான் அதை நிறைவேற்றவில்லை. பதினாறாம் நாளாவது அவன் கையால் ஒரு பிடி சோறும் எள்ளும் தண்ணீரும் விழட்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை

காலை 11.20க்குக் கிளம்பி 12.10க்கு இறங்கியது. சொன்ன சொல் தவறாத ஐம்பது நிமிடம். நானோ ரங்கூனை விட்டு ஐந்தாவது நாளில் வந்து சேர்ந்திருந்தேன்.

புட்டாவோ விமான நிலையம் எங்கள் பேட்டை ஆரம்பப் பள்ளிக்கூடத்தைவிடச் சின்னது. கம்பி வேலிக்கு அப்பால் பாதி ஊர் நிற்கிறது. விமானம் வந்தால் சொந்தக்காரர் வராவிட்டாலும் வந்து பார்ப்பார்களாம். நான் மோட்டார் சைக்கிள்காரரிடம் கேட்டேன்.

"ஜெனரேட்டர் மெக்கானிக், கோ வின் மாவுங்க் வீடு தெரியுமா?" அண்ணனின் அட்டைப் பெயர் வின் மாவுங்க்; முன்னால் போடும் கோ, ஊ எல்லாம் மரியாதைக்கு.

தெரியாது. ராமநாதன் என்றேன். அதுவும் தெரியாது. நல்ல கறுப்பு, உயரம், இந்தியக்காரர் என்றேன்.

"ஓ, ஊ யோனாவா! முதல்லேயே சொல்லக்கூடாதா?"

வீட்டுப் பெயர் ஒன்று, அட்டைப் பெயர் ஒன்று, இப்போது ஊர்ப்பெயர் மூன்றாவதாக ஒன்றா என்று நினைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். பெயர்கள் எங்களுக்குப் புதிதல்ல. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

மூங்கில் வேலி, தகரக் கூரை, முன்னால் பிரித்துப் போட்ட ஒரு எஞ்சின். அண்ணன் கையெல்லாம் கிரீசோடு குனிந்திருந்தான். அம்மா இறந்தபோது ஒன்பது வருடம் முன் பார்த்தது. தலை நரைத்திருந்தது. வண்டிச் சத்தத்துக்கு நிமிர்ந்தவன் என்னைப் பார்த்தான். எண்ணெய் வைக்காத என் தலையைப் பார்த்தான். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். வழியில் நான் ஒத்திகை பார்த்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று.

"எப்போ?" என்றான்.

"போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை."

நான்கு நாளாக யாரிடமும் சொல்லாமல் சுமந்து வந்ததை அவன் ஒரே கேள்வியில் இறக்கி வைத்தான். நான் அந்த எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணன் கிரீஸ் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றான். அண்ணி உள்ளேயிருந்து ஓடிவந்தார். றவாங் இனத்துப் பெண், தமிழ் தெரியாது. என்னை முதன்முதலாகப் பார்க்கிறார். ஒன்றும் கேட்காமல் ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டார்.

சாயங்காலம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தபோதுதான் அண்ணன் சொன்னான். தமிழ் அவனுக்குத் துருப்பிடித்திருந்தது, தேடித்தேடிப் பேசினான்.

"சரோ, நான் மூணு வருஷமா சர்ச்சுக்குப் போறேன். தண்ணில முங்கி எல்லாம் ஆச்சு. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் போன் இருந்த காலத்துலயும் ஒழுங்காப் பேசல."

எனக்குக் கோபம் வந்தது. சர்ச்சுக்குப் போனதற்கில்லை. ஒரு மனுஷன் சாயங்காலம் சாயங்காலம் இவனைக் கேட்டுக் கிடந்தபோது, இவன் ஒரு வெட்கத்தைப் பொத்தி வைத்துக்கொண்டு ஊமையாக இருந்ததற்கு.

"அவர் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டார்ணே. வந்தாப் போதும்னுதான் இருந்தார். இப்ப வருவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு."

அவன் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டான்.

பதின்மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை

விழித்தபோது அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணியும் நானும் சைகையிலும் பர்மியிலுமாகப் பேசி ஒட்டரிசிச் சோறு சாப்பிட்டோம். ஒன்பது மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். தலையும் மீசையும் சுத்தமாக மழித்திருந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார்.

"போதகரப் பாத்தேன்" என்றான் அண்ணன். "'ஒங்கப்பாவ நல்லபடியா அனுப்பி வெச்சுட்டு வா'ன்னுட்டார். நாளைக்குப் போறோம்."

அந்தக் குளிரில் மழித்த தலை நீலம் பாய்ந்து கிடந்தது. அப்படியே அப்பாவின் தலை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மத்தியானம் மாலிகா ஆற்றைப் பார்க்கக் கூட்டிப்போனான். ஐந்து மைல் இருக்கும். பச்சைக் கண்ணாடி போன்ற தண்ணீர், அடிக்கல் தெரிகிறது. பின்னால் பனிமலை. நம்பி விரலை விட்டேன். மணிக்கட்டு வரை எலும்பு வலித்தது. ரங்கூன் ஆற்றில் இறங்கிப் பழகியவளுக்கு இது ஆறு என்று நம்பவே கஷ்டம். கரையில் உட்கார்ந்து அண்ணன் சின்ன வயதுக் கதைகள் சொன்னான், நானும் சொன்னேன். நான்கு நாளுக்குப் பிறகு மனசு இலேசாக இருந்தது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவே இருந்தேன். அப்பா போனபிறகு சந்தோஷப்படலாமா என்று ஒரு குறுகுறுப்பும் இருந்தது.

பதினான்காம் நாள், புதன்கிழமை

பனி விலகி வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. விமானம் 11.40க்கு வந்து இறங்கியது. என் அட்டையைப் பார்த்து ஊழியர் பட்டியலில் ஒரு கோடு போட்டார். அண்ணன் தன் அட்டையை நீட்டினான். ஊழியர் பட்டியலைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார்.

"இதுல ஊ யோனா இல்லையே. வின் மாவுங்க்னு ஒருத்தர் இருக்கார்."

நான் அண்ணனின் அட்டையை வாங்கிப் பார்த்தேன். யோனா. நம்பரும் வேறு. மூன்று வருடம் முன், அண்ணியின் குடும்பப் பட்டியலில் தன்னைச் சேர்த்துக்கொண்டபோது, புது அட்டையே எடுத்திருக்கிறான். நான் டிக்கெட் போட்டதோ பசுந்தாங்கில் எங்கள் பீரோவிலிருந்த பழைய குடும்பப் பட்டியலைப் பார்த்து.

இருபது வருடமாக என் கவுண்டரில் வந்து நிற்கும் ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்பது, "அட்டையைக் காட்டுங்க." கூப்பிடும் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்கிற எங்கள் ஆட்களை எத்தனை முறை விரட்டியிருக்கிறேன். சொந்த அண்ணனிடம் இரண்டு நாள் ஒரே வீட்டில் இருந்து, ஒரே பானைச் சோறு சாப்பிட்டு, அட்டையைக் காட்டு என்று கேட்கத் தோன்றவில்லை. அண்ணனிடம் போய் யாராவது அட்டை கேட்பார்களா?

"ஏண்ணே சொல்லல?"

"நீ டிக்கெட் கடையில இருக்கறவ. எல்லாம் தெரிஞ்சுதான் போட்டிருப்பேன்னு நெனச்சேன், சரோ."

ஊழியர் நல்ல மனுஷர். அவருக்கே சங்கடமாக இருந்தது. "பயணிகள் பட்டியல் முன்கூட்டியே அதிகாரிகளுக்குப் போயிடுது. இங்க ஒண்ணும் மாத்த முடியாது" என்றார்.

"என் இடத்தை அவருக்குக் கொடுங்க. நான் இருந்துக்கறேன்."

"மா சான், பேர் மாத்த முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். இதே வாக்கியத்தை, இதே குரலில், நானே சொல்லியிருக்கிறேன். அண்ணனுக்குப் போட்டிருந்த இடத்துக்கு, அதே பட்டியலின் அடியில் காத்திருப்போரில் முதலாவதாக இருந்த ஒரு காய்ச்சல்காரப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவளை நிறுத்த யாருக்கு மனசு வரும்?

இருந்துவிடட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். சேர்ந்தே மாலிகா ஆற்றில் செய்துவிடலாம்.

"அங்க சித்தப்பா எல்லாரையும் கூப்பிட்டிருப்பார். சொல்லியனுப்பப் போன் இல்ல. நம்ம ரெண்டு பேருமே இல்லாம அப்பாவுக்கு என்னா கருமாதி? நீ போ. நான் இங்க ஆத்துல எறங்கறேன். என்னா செய்யணும்னு சொல்லு."

என்ஜின் சுற்றத் தொடங்கிவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பச்சரிசிச் சோறு, மூன்று உருண்டை, கறுப்பு எள். தெற்கு பார்த்து நில். அப்பா பெயர், தாத்தா பெயர் சொல்லு. மூன்று முறை தண்ணீர் விடு. பதினாறாம் நாள், காலை பத்து மணி. நானும் அங்கே பத்து மணிக்கு இறங்குவேன். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். மழித்த தலையில் வெயில் பட்டது. கருமாதி செய்யத் தலையை மழித்து வந்தவனை அங்கேயே விட்டுவிட்டு நான் படியேறினேன்.

மேலே போய் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பதினாறாம் நாள் என்றேனே தவிர வெள்ளிக்கிழமை என்று சொல்லவில்லை. செத்த நாளைச் சேர்த்து எண்ணுவது எங்கள் வீட்டு வழக்கம் என்பது, இருபத்திரண்டு வருடம் வெளியே இருந்தவனுக்கு நினைவிருக்குமா? மறுநாளிலிருந்து எண்ணினால் சனிக்கிழமை வரும். திரும்பிச் சொல்ல வழியில்லை. காய்ச்சல்காரப் பெண் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். ஐம்பது நிமிடமும் நான் அசையவில்லை.

பதினாறாம் நாள், வெள்ளிக்கிழமை, ரங்கூன்

போட்டடாங் பக்கம் ஆற்றங்கரை. பத்து மணிக்கு நீர் வற்றும் நேரம், கணுக்கால் வரை சேறு. சித்தப்பா நான் தனியாக வருவதைப் பார்த்ததும் தலையிலடித்துக்கொண்டார்.

"அம்பது நிமிஷ தூரத்துல இருக்கற மகன, ஒன்பது நாள் போயி ஒன்னால கூட்டியார முடியலையா?"

"என் தப்புதான் சித்தப்பா" என்றேன். விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை.

"சரி, கண்ணா, நீ வா. நீயே நில்லு."

"வேணாம். நான் நிக்கறேன்."

சடங்கு செய்ய வந்த பண்டாரம் தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா ஆற்றைப் பார்த்தார். கண்ணன் நல்ல பையன், இரண்டடி பின்னால் போனான். பண்டாரம் என் விரலில் தர்ப்பை மோதிரத்தை மாட்டினார். நான் சேற்றில் நடந்து தண்ணீரில் இறங்கினேன். பழுப்பு நிறத் தண்ணீர், வெதுவெதுப்பாக இருந்தது. கரையில் நாற்பது பேர் நின்றார்கள். இருந்தும் மிச்சீனா விடுதிக் கட்டிலில் கிடந்ததைவிட நான் தனியாக இருந்தேன். அண்ணன் இப்போது இறங்குகிறானா, நாளை இறங்குவானா, இறங்குவானா மாட்டானா, ஒன்றும் தெரியாது. சோற்றை விட்டேன், எள்ளை விட்டேன். நீர் இழுத்துக்கொண்டு போயிற்று.

ஒரு மாதம் கழித்து

புட்டாவோவுக்கு இன்னும் போன் கிடைக்கவில்லை. தை பிறந்து, பனி குறைந்த ஒரு காலையில், எங்கள் கவுண்டருக்கு நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்தார். றவாங் முகம், தோளில் நெய்த பை. ரங்கூனில் கண் சிகிச்சை முடித்துத் திரும்பிப்போக டிக்கெட் வேண்டும் என்றார். பிறகு என்னை உற்றுப்பார்த்து, "நீங்கதானே ஊ யோனாவோட தங்கச்சி? நான் அவங்க சர்ச்சு. உங்களைப் பாத்தாச் சொல்லச் சொன்னார்" என்றார்.

"என்ன சொன்னார்?"

"ஆத்துல இறங்கிட்டேன்னு சொல்லச் சொன்னார். நாங்களும் கூடப் போயிருந்தோம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இறங்கினார். என்னென்னவோ பேரெல்லாம் சொன்னார், சோறு விட்டார். முடிஞ்சுதுன்னு வந்துட்டோம். மறுநாள் சனிக்கிழமை பாத்தா, மறுபடி அதே நேரத்துக்குத் தண்ணில நிக்கறார். உதடு நீலமாப் போச்சு. எதுக்கு ரெண்டாந் தடவைன்னு கேட்டோம்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"'தங்கச்சி எந்த நாளைக் கணக்கு வெச்சு அங்க இறங்கறான்னு தெரியல. எந்த நாளா இருந்தாலும் அவ தனியா நிக்கக் கூடாது'ன்னார்."

அவருக்குப் பின்னால் வரிசையில் ஆறேழு பேர் நின்றார்கள். நான் மேசைமேல் தலையை வைத்து அழுதேன். அந்த மனிதர் அவசரப்படாமல், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார்.